இருபத்து நான்காவது அலகு

புது விதிகள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தன. அறுபத்தெட்டுப் பக்கம். மேலே நீல அட்டை, கடைசியில் ஏழு கையெழுத்து. தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். கழற்றினார். மறுபடி துடைத்தார். குற்றம் கண்ணாடியில் இல்லை.

"இனிமே அரசுப் பள்ளிக்கும் அங்கீகாரம் வேணுமாம்," என்றார்.

"யார் குடுப்பாங்க மேடம்?" என்று கேட்டார் வேதியியல் டீச்சர். வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கேள்வி கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

"அரசுதான்."

"இத்தனை நாள் நம்மளை நடத்தினது?"

"அதுவும் அரசுதான். இப்பதான் அதுக்கு நம்ம மேல சந்தேகம் வந்திருக்கு."

அறையில் மூன்றாவதாக ஒருவர் நின்றிருந்தார். இரண்டு டஜன் சோதனைக் குழாய் வாங்கச் சீட்டு எழுதிக் கையெழுத்துக்காகக் காத்திருந்தார். வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளர். வயது நாற்பது. பிள்ளைகள் இருபத்திரண்டு வருஷமாக "லேப் அண்ணே" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகும். ஆசிரியர்களுக்கும் அவர் அண்ணன்தான். அவருடைய மகள் அதே பள்ளியில் கடைசி வகுப்பில் படித்தாள். அவள் மட்டும் பள்ளிக்குள் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தேவைப்பட்டால் இருமுவாள்.

தலைமையாசிரியை முப்பத்தொன்றாம் பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

"ஏம்பா, நீ பள்ளி இறுதி பாஸ்தானே?"

அண்ணன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். "கிட்டத்தட்ட மேடம்."

"கிட்டத்தட்டன்னா?"

"ஒண்ணு போயிடுச்சு."

"எது?"

அவர் சீட்டை மடிக்கத் தொடங்கினார். டீச்சர்தான் பதில் சொன்னார். அவர் பணிக்கு வந்த முதல் வாரமே அலுவலக கிளார்க் இதைச் சொல்லிச் சிரித்திருந்தார்.

"கெமிஸ்ட்ரி பிராக்டிகல், மேடம்."

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. அறுபத்தெட்டுப் பக்கத்தையும் மேசையில் தட்டித் தட்டி அடுக்கினார். அடுக்கி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

நடந்தது அதுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், இதே ஆய்வகத்தில், தேர்வில் கொடுத்த உப்பு கார்பனேட். அண்ணன் குளோரைடு என்று எழுதினார். மற்ற எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டார். அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம், அதுவரை சும்மா இருப்பானேன் என்று காலியாக இருந்த உதவியாளர் வேலையில் சேர்ந்தார். அந்த அடுத்த வருஷம் இன்னும் வந்து சேரவில்லை. இடையில் ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளுக்குக் கார்பனேட் எது, குளோரைடு எது என்று காட்டிக்கொடுத்தார். ஒருவரும் மாற்றி எழுதியதில்லை.

முப்பத்தொன்றாம் பக்கம் சொன்னது இது: அங்கீகாரம் கேட்கும் பள்ளியில், ஆய்வகத்துக்குள் வேலை செய்கிற எவரிடமும் பள்ளி இறுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். இந்தப் பருவம் முடிவதற்குள் அதைக் காட்ட வேண்டும். காட்டாதவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்.

"விடுவிக்கறதுன்னா மேடம்?"

"என்னமோ நீ ஜெயில்ல இருந்தாப்ல சொல்லியிருக்காங்க. வீட்டுக்குப் போன்னு அர்த்தம்."

அண்ணன் சீட்டை நாலாக மடித்திருந்தார். அதை எட்டாக மடித்தார்.

வழியைக் கண்டுபிடித்தவர் டீச்சர். மதிய இடைவேளையில் சாப்பாட்டை ஒரு கையிலும் நீல அட்டையை மறு கையிலும் வைத்துக்கொண்டு நாற்பத்து நான்காம் பக்கத்தில் பிடித்தார். இனிமேல் பள்ளி முடிப்பதற்கு மதிப்பெண் கிடையாது, அலகுதான். இருபத்து நான்கு அலகு சேர்ந்தால் பள்ளி முடிந்தது. பழைய மாணவர்கள் எந்தக் காலத்தில் தேறிய அலகும் செல்லும். குறைவதை மட்டும் இந்த வருஷத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.

டீச்சர் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துத் தூசி தட்டி, அண்ணனுடைய வரியில் விரல் வைத்து எண்ணினார். இருபத்து மூன்று.

"ஒரே ஒரு அலகு அண்ணே. ஒரே ஒரு பிராக்டிகல். கண்ணை மூடிட்டுப் பண்ணுவீங்க."

"கண்ணை மூடலாமா? விதி இடம் குடுக்குதா?"

"பாதுகாப்புக் கண்ணாடி போட்டுட்டு உள்ள மூடிக்கோங்க. பக்கம் ஐம்பத்தொண்ணு."

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவர் மனைவி தையல் மெஷினை நிறுத்தவில்லை. அவளுக்கு எந்தச் செய்தியையும் மிதித்துக்கொண்டே கேட்டுத்தான் பழக்கம்.

"எழுதிடுங்க, எழுதிடுங்கன்னு கல்யாணமான நாள்லேருந்து சொன்னேன். நான் சொன்னா காதுல ஏறல. அறுபத்தெட்டுப் பக்கம் அச்சடிச்சு சொல்ல வேண்டியிருக்கு."

"அம்மா, அது இல்ல இப்ப பிரச்சினை," என்றாள் மகள். "இவர் என் க்ளாஸ்மேட்."

"ஒரு நாள்தானடி."

"ஒரு நாள் போதும். இப்பவே பசங்க ஆரம்பிச்சுட்டாங்க. உங்கப்பாகிட்ட ரெக்கார்டு நோட்டு கடன் கேளுன்னு." அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "ஒண்ணு சொல்லிடறேன். என் பெஞ்சுல உக்காரக் கூடாது."

"நம்பர்படிதான் உக்கார வைப்பாங்க. எனக்கு நாப்பத்து மூணு."

"எனக்குப் பத்தொன்பது. தப்பிச்சேன்."

"உன்னைப் பார்த்து எழுத மாட்டேன்மா."

"பார்த்தாவது எழுதுங்க. நீங்களா எழுதினா குளோரைடுன்னு எழுதுவீங்க."

மனைவி சிரித்தாள். மெஷினும் கூடச் சிரித்தாற்போல் ஒரு இழுப்பு இழுத்து ஓடியது. பிறகு அவள் துணியைத் திருப்பி வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டாள்.

"இது கைகூடலன்னா என்ன பண்ணுவீங்க?"

அண்ணன் யோசித்துப் பார்த்தார். வேறு என்ன வேலை தெரியும் என்று ஒவ்வொன்றாகத் தேடினார். "எனக்குப் பாட்டில் கழுவத்தான் தெரியும்," என்றார்.

மெஷின் நின்றது. "அதை நல்லா கழுவுவீங்க," என்றாள் அவள். மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

அண்ணனுடைய ஆய்வகத்தில் ஆறு நீள மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் கதவு. மேசையின் நடுவில் மரத்தில் செய்த நீளத் தாங்கி. அதில் ஒரே அளவில், ஒரே மாதிரி மூடியோடு, பத்துக் கண்ணாடிப் புட்டிகள். எதிலும் பெயர் கிடையாது. ஒட்டிய பெயர்ச்சீட்டையெல்லாம் அமிலப் புகை எப்போதோ தின்றுவிட்டது. அதனால் யாருக்கும் எந்தக் குறையும் வந்ததில்லை. அண்ணன் எப்போதும் ஜன்னல் பக்கம் நிற்பார். இடது கோடியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு வரிசையாக எட்டு, வலது கோடியில் அடர் கந்தக அமிலம். அந்தக் கடைசிப் புட்டியை மட்டும் அவர் எந்தப் பிள்ளையையும் தொட விட்டதில்லை. தோலில் ஒரு சொட்டு பட்டால் போதும், வாழ்நாளுக்கும் தழும்பு நிற்கும். ஈரத்தில் விழுந்தால் கொதித்துத் தெறிக்கும். தேவைப்படும்போது அவரே வந்து, அவரே துளியை விட்டு, அவரே மூடுவார்.

மற்ற ஒன்பதுக்கும் ஏறக்குறைய அதே கதைதான். "அண்ணே, பேரியம் குளோரைடு?" என்று பிள்ளைகள் கையை நீட்டுவார்கள். புட்டி கைக்கு வரும். எந்த இடத்திலிருந்து வந்தது என்று யாரும் பார்த்ததில்லை. மின்விசிறி எந்த ஸ்விட்சில் சுற்றுகிறது என்று வீட்டு விருந்தாளி பார்ப்பானா என்ன?

புது விதி இரண்டு காரியம் செய்தது. ஒன்று, எல்லாப் புட்டியிலும் பெயர் ஒட்ட வேண்டும். இரண்டு, தேர்வு எழுதுகிறவர் எவரும் தேர்வுக்கு முந்திய ஏழு நாள் தேர்வறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. அந்த அறையில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் இப்போது தேர்வு எழுதுகிறவர். தலைமையாசிரியை அவரை நூலகத்துக்கு அனுப்பினார். அங்கே அவர் மூன்றே நாளில் எல்லாப் புத்தகத்தையும் துடைத்துவிட்டு, நாலாம் நாள் மறுபடி முதலிலிருந்து துடைத்தார். நூலகர் அவரைப் பார்த்து, "புத்தகத்துக்கு மேல் தோல் உரியுது, போதும் விடுங்க," என்று கெஞ்சினார்.

தேர்வுக்கு முதல் நாள் டீச்சர் நூலகத்துக்கு வந்தார். அண்ணன் ஒரு துண்டுத் தாளில் பத்துப் பெயரையும் வரிசையாக எழுதிக் கொடுத்தார். மேலே 'இடமிருந்து' என்று எழுதிக் கோடும் போட்டார்.

"ஆறு தாங்கியும் இதே வரிசைதானா அண்ணே?"

"ஆறும் இதேதான் மிஸ். சிப்பாய் மாதிரி நிக்கும்."

"மாறியிருக்காதே?"

"நான் மாத்தினாத்தான் மாறும்."

அதை அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். எந்தப் பக்கத்திலிருந்து இடது என்று டீச்சர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அந்த அறைக்கு ஒரே ஒரு பக்கம்தான் உண்டு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாற்பத்து மூன்று பேர் ஆய்வகத்தில் உட்கார்ந்தார்கள். ஜன்னல் சுவருக்குப் புதுவண்ணம் அடித்திருந்தார்கள். அங்கீகாரக் குழு வந்து பார்க்கப்போகிறதல்லவா. அறுபது புட்டியிலும் டீச்சரின் உருண்டைக் கையெழுத்தில் பெயர்ச்சீட்டு. கல்யாண வீடு மாதிரி இருந்தது அறை. அண்ணன் ஆறாவது மேசையின் கோடியில், பிள்ளைகளுக்கான உயரம் குறைந்த முக்காலியில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தார்.

பாடம் நடத்திய ஆசிரியர் தேர்வறைக்குள் இருக்கக் கூடாது என்பதால் டீச்சர் வெளியே வராந்தாவில் நின்றார். உள்ளே வேறு பள்ளியிலிருந்து வந்த வெளித் தேர்வாளர் ஒருவர். ஒல்லியான மனிதர். நீல அட்டைப் புத்தகத்தில் நாற்பது இடத்தில் அடையாளத்துக்குத் தாள் செருகி வைத்திருந்தார்.

"லேப் அசிஸ்டென்ட் யாரு?" என்று கேட்டார்.

நாற்பத்திரண்டு பேரும் ஆறாவது மேசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவர் இன்னிக்குத் தேர்வர்," என்றார் அண்ணனுக்குப் பதிலாகப் போடப்பட்டிருந்த அலுவலக கிளார்க். அவர் காஸ் அடுப்பைக் கூடத் தம்பியை விட்டுப் பற்றவைக்கிற ஆள். கைகழுவும் தொட்டி அருகே, எதிலும் பட்டுவிடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தேர்வாளர் விதிகளை வாசித்தார். பேசக் கூடாது. முதல் பத்து நிமிஷம் சந்தேகம் கேட்கக் கூடாது. அரை மணி ஆனதும் வருகைத் தாள் வரும், கையெழுத்துப் போட வேண்டும். "விதி ஏழு. அனுமதி இல்லாம இடத்தை விட்டு எழுந்தா தேர்வு ரத்து. மூணு வருஷத்துக்கு மறுபடி எழுத முடியாது." கடைசியை மட்டும் இரண்டு தரம் வாசித்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் வாயசைக்காமல் கிசுகிசுத்தான். "அண்ணே, நல்லா பண்ணுங்க."

"உன் பர்னர் குழாய் சரியா மாட்டல. முதல்ல அதைப் பாரு."

"எண் நாற்பத்து மூன்று," என்றார் தேர்வாளர். "பேச்சு வேண்டாம்."

உப்புப் பொட்டலங்கள் வந்தன. மணி அடித்தது. நாற்பத்து மூன்று பேரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துச் சோதனைக் குழாயில் போட்டு, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நனைத்தார்கள். அடுத்தது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். யாருக்கும் அதில் பயமில்லை. வருஷம் முழுக்கச் செய்ததுதான். அண்ணன் பெயர்ச்சீட்டைப் படித்து அந்தப் புட்டியை எடுத்தார்.

எடுத்த கை பாதியில் நின்றது.

கனம். தண்ணீர் கலந்த அமிலம் இவ்வளவு கனக்காது. இந்தக் கனத்தை அவர் கைக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் தூக்கிய கனம். அவர் மறுகோடியைப் பார்த்தார். அங்கிருந்த புட்டியில் 'அடர் கந்தக அமிலம்' என்று ஒட்டியிருந்தது. அதைத் தூக்கினார். லேசாக வந்தது.

அவருக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கிவிட்டது. ஜன்னல் சுவரில் ஈர வண்ணம். துணியில் ஒட்டும். டீச்சர் கதவுப் பக்கம் நின்று, அங்கிருந்து இடதுகைப் பக்கமாக எண்ணி ஒட்டியிருக்கிறார். ஒரு தாங்கியில் அல்ல, ஆறிலும். முதலாவது பத்தாவது ஆகிவிட்டது. பத்தாவது முதலாவது ஆகிவிட்டது. அவர் எந்தப் பிள்ளையையும் தொட விடாத புட்டியைத்தான் இப்போது ஒவ்வொரு மேசையிலும் பிள்ளைகள் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கையைத் தூக்கினார்.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "முதல் பத்து நிமிஷம் சந்தேகம் கேட்கக் கூடாது."

"சந்தேகம் இல்ல சார். நிச்சயம்."

"நிச்சயமும் பத்து நிமிஷம் கழிச்சுத்தான். கையை இறக்குங்க."

அண்ணன் இறக்கினார். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு நொடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகாது. எந்தப் புட்டியில் எது என்று அவருக்குத் தெரியும். பெயரைப் பார்க்காமல் வேலையைச் செய்து, விடையை எழுதி, ஒரு மணி நேரத்தில் இருபத்து நாலாவது அலகோடு எழுந்து போகலாம். மூன்றாவது மேசையில் எண் பத்தொன்பது மூடியைக் கழற்றிவிட்டிருந்தாள். ஒரு கையில் நனைந்த உப்போடு குழாய். மறு கையில் புட்டி சாயத் தொடங்கியிருந்தது.

"எல்லாரும் பாட்டிலைக் கீழே வைங்க."

அவர் கத்தவில்லை. எப்போதும் சொல்கிற குரலில்தான் சொன்னார். எடுத்திருந்த புட்டிகளெல்லாம் ஒரே சத்தத்தோடு மேசைக்கு இறங்கின. பழக்கதோஷம். தேர்வாளரும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"எண் நாற்பத்து மூன்று, உட்காருங்க."

"இல்ல சார்," என்றார் அண்ணன். எழுந்துவிட்டிருந்தார். "பேரெல்லாம் தலைகீழா ஒட்டியிருக்கு. இந்தாங்க, இந்த ரெண்டையும் தூக்கிப் பாருங்க."

"விதி ஏழு..."

"தெரியும் சார். தூக்கிப் பாருங்க."

தேர்வாளர் வந்தார். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று தூக்கினார். அவரும் ஒரு காலத்தில் ஆய்வகத்தில் நின்றவர்தான். முகம் வெளுத்தது. மெதுவாக, மிக மெதுவாக இரண்டையும் வைத்தார். பிறகு நீல அட்டையைத் திறந்து, செருகியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதுக்கு விதி இல்லையே," என்றார்.

"இதுக்கு விதி வேண்டாம் சார். ஈரத் துணி போதும்."

பசை முந்தின நாள் சாயங்காலம் தடவியது. நன்றாக இறுகவில்லை. அண்ணன் ஈரத் துணியால் ஒத்தி ஒத்திப் பெயர்ச்சீட்டுகளை உரித்தார். முதலாவதை எடுத்துப் பத்தாவதில் ஒட்டினார், இரண்டாவதை ஒன்பதாவதில். தேர்வாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுத்த மேசையில் இறங்கினார். கிளார்க் துணியை நனைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதெல்லாம் கையை மட்டும் நீட்டினார், உடம்பு தொட்டி அருகேயே நின்றது. வராந்தாவிலிருந்து கதவு வழியே பார்த்த டீச்சருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அறுபது பெயர்ச்சீட்டுக்கும் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. தேர்வாளர் எல்லோருக்கும் பன்னிரண்டு நிமிஷம் கூடுதலாகக் கொடுத்தார். அதற்கு மட்டும் விதி இருந்தது.

தேர்வு மறுபடி தொடங்கியது. அண்ணன் தன் இடத்துக்குத்தான் திரும்பினார். வழியில் ஒரு பர்னர் மஞ்சளாக எரிந்தது. காற்றுத் துளையைத் திருப்பி நீலமாக்கினார். நாலாவது மேசையில் ஒரு பெண் குழாயைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். பின்னால் யாரோ அடர் அமிலம் வேண்டும் என்று கையைத் தூக்கினார்கள். அவர் போனார், துளியை விட்டார், மூடினார். தொட்டியில் கழுவாத குழாய் சேர்ந்துவிட்டது. அதைக் கழுவினார். கிளார்க் நிம்மதியாக வழிவிட்டு ஒதுங்கினார். அரை மணியில் வருகைத் தாளோடு சுற்றி வந்து அவரிடமும் நீட்டினார்.

"அங்க வைப்பா, கை ஈரமா இருக்கு. இதோ வர்றேன்," என்றார் அண்ணன்.

மேசை மேசையாகத் தாள் போயிற்று. அவர் போகவில்லை.

மூன்றாவது மேசையிலிருந்து இருமல் கேட்டது. மறுபடி கேட்டது. அவர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் மகள் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசி மணி அடித்தபோது அண்ணன் தோளில் துணியோடு நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் தாளைக் கொடுத்துவிட்டு வரிசையாக வெளியே போனார்கள். எண் பத்தொன்பது மட்டும் அவரைக் கடக்கும்போது நின்றாள். பள்ளிக்குள் முதல் தடவையாக அவரிடம் வாய் திறந்தாள்.

"அப்பா. உங்க பேப்பர்."

அவர் ஆறாவது மேசையைப் பார்த்தார். விடைத்தாளில் எண்ணும் தேதியும் இருந்தன. பொட்டலத்தில் எடுத்த சிட்டிகை போக மீதி உப்பு அப்படியே இருந்தது. அது கார்பனேட்டா, குளோரைடா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அறை காலியானதும் தலைமையாசிரியையும் டீச்சரும் உள்ளே வந்தார்கள். டீச்சரின் கண் சிவந்திருந்தது.

"அண்ணே, நான் கதவுப் பக்கம் நின்னுட்டேன்."

"நான் எந்தப் பக்கம்னு எழுதல மிஸ்."

"நான் கேட்டிருக்கணும்."

"நான் சொல்லியிருக்கணும்."

"ரெண்டு பேரும் அப்புறமா சாவகாசமா போட்டி போடுங்க," என்றார் தலைமையாசிரியை. அவர் பார்வை தேர்வாளர் மேல் இருந்தது. "சார், இவருக்கு என்ன போடப்போறீங்க?"

தேர்வாளர் மூக்கைச் சொறிந்தார். "விதி ஏழு இருக்கு மேடம். இடத்தை விட்டு எழுந்தார். ரத்து. மூணு வருஷம்."

அண்ணன் துணியைப் பிழிந்தார். பிழிய அதில் தண்ணீர் இல்லை. பருவம் முடிய இருபது நாள்தான் இருந்தது.

"ஆனா," என்றார் தேர்வாளர். ஒரு தாளைச் செருகிய இடத்தில் திறந்தார். "விதி ஏழு யாருக்கு? தேர்வருக்கு. தேர்வர்னா யாரு? பக்கம் அறுபத்திரண்டு. வருகைத் தாளில் கையெழுத்திட்டவர்." வருகைத் தாளைத் திருப்பிக் காட்டினார். நாற்பத்து மூன்றுக்கு எதிரில் காலி. "இவர் தேர்வுக்கு வரவே இல்லை."

"வந்தாரே சார்," என்றார் கிளார்க். "நான்தானே தாளை நீட்டினேன்."

மூன்று பேரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் மறுபடி தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

"நான் பார்த்தது லேப் அசிஸ்டென்டை," என்றார் தேர்வாளர். "நல்ல வேலைக்காரர். எண் நாற்பத்து மூன்றை நான் பார்க்கலை. வராதவங்களுக்குப் பதினாறாவது நாள் மறுதேர்வு. அதுக்கு அடுத்த நாளே முடிவு வந்துரும்."

தலைமையாசிரியை மூச்சு விட்டார். அண்ணன் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"சார், வரலைன்னு போடாதீங்க. இருபத்திரண்டு வருஷத்துல நான் வராத பிராக்டிகல் ஒண்ணு கிடையாது."

"ஐயோ, இவரை யாராவது வெளியே கூட்டிட்டுப் போங்களேன்," என்றார் தலைமையாசிரியை.

தேர்வாளர் பேனா மூடியைக் கழற்றினார். "பெருமையை அப்புறம் பார்க்கலாம். மூணு வருஷம் வேணுமா, பதினாறு நாள் வேணுமா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். யோசித்தார் என்பதைத்தான் டீச்சரால் பிறகு பல நாள் நம்ப முடியவில்லை.

"பதினாறு நாள் சார்."

வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் முதலில் நுழைந்து நாற்காலியில் விழுந்தாள். பின்னால் அண்ணன் வந்தார்.

"எப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"வரல."

"எது வரல? விடையா?"

"நான்."

மனைவி மகளைப் பார்த்தாள். "ஆமாம்மா," என்றாள் மகள். "அப்பா இன்னிக்கு ஆப்சென்ட்."

"அப்ப காலையில ரெண்டு தடவை சாமான் மறந்துட்டேன்னு திரும்பி வந்து போனது யாரு?"

மகள் நடந்ததைச் சொன்னாள். கிளார்க் மாதிரி கையை நீட்டிக் காட்டினாள். தேர்வாளர் மாதிரி தாளைப் புரட்டினாள். அப்பா தண்ணீர் டம்ளரோடு வந்ததைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. மனைவி பாதி வரை மிதித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பாட்டில் உன் கையிலயா இருந்துச்சு?"

"ஆமா."

"மூடி?"

"கழட்டிட்டேன்."

அவள் மெஷினை விட்டு எழுந்தாள். மகளின் இரண்டு கையையும் பிடித்து இழுத்து, உள்ளங்கையைப் பார்த்தாள், புறங்கையைப் பார்த்தாள், விரல் விரலாகப் பார்த்தாள். மகள் கேலி பேச வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் அவள் கையை விடவில்லை. அப்படியே கணவன் பக்கம் திரும்பினாள்.

"பதினாறாம் நாளாவது உக்காந்து எழுதுவீங்களா?"

"எழுதுவேன்."

"உக்காந்து?"

"உக்காந்துதான். அன்னிக்கு நான் ஒருத்தன்தானே எழுதறேன். அண்ணேன்னு கூப்பிட ஒரு ஆள் இருக்காது."

"உங்களை நீங்களே கூப்பிட்டு எழுந்து போயிடுவீங்க," என்றாள் மனைவி.